முனியப்பன் மேட்டில் நிற்காத ஜீப்

இதுவரைக்கும் நாங்கள் வெளியூர் போனதெல்லாம் சாமி கும்பிடத்தான். பழனி, திருப்பதி, மேல்மலையனூர், ஒரே ஒரு தடவை இராமேஸ்வரம். இந்த முறை நானும் என் மனைவி கோவிந்தம்மாளும் ஒரு ஜீப் மலை ஏறுமா ஏறாதா என்று பார்க்கப் போனோம். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் எங்கள் மகளை அந்த ஊருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டும்.

மகள் சுகன்யா பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தக்காளி நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறாள். அங்கே நாற்று வாங்க வந்தவன்தான் மாதேஷ். பென்னாகரத்துக்கு அப்பால் கரடிக்கல் என்ற மலையூர். ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே தடவையில் நாற்று ஏற்றிக்கொண்டு போவான். விசாரித்ததில் எங்கள் ஜனம்தான். எப்போதோ மேலே போய்க் குடியேறியவர்கள். முறையும் சரியாக வந்தது, நான் அவனுக்கு மாமா. பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது என்று பெண்ணே சொல்லிவிட்டாள். எனக்கு எந்தத் தடையும் இல்லை. குலதெய்வம் முனியப்பனிடம் பூப்போட்டுக் கேட்டேன், வெள்ளைப் பூ வந்தது.

கோவிந்தம்மாள் பூவுக்கு மசியவில்லை.

“பையனுக்கு நூத்துக்கு நூறு போடறேன். ஊருக்கு முட்டைதான் போடுவேன். ரோடே இல்லாத ஊர்ல பொண்ணுக்கு வலி வந்தா என்னா பண்றது?”

அவளுக்கு அந்தப் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. சுகன்யா பிறந்தபோது கொடி சுற்றிக்கொண்டது. எங்கள் வீடு அதியமான்கோட்டையில், பெரிய ரோட்டுக்குப் பக்கத்திலேயே. வண்டி பிடித்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதை நான் முனியப்பன் கணக்கில் எழுதினேன். அவள் ரோட்டின் கணக்கில் எழுதிவிட்டாள்.

அதனால் அவளே ஒரு கட்டளை போட்டாள். மாதேஷிடம் ஜீப் இருக்கிறதாம். அதில் இவள் உட்கார்ந்து மேலே போக வேண்டும். அதே ஜீப்பில் உட்கார்ந்தபடியே கீழே வர வேண்டும். அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இரண்டு தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம், விபூதிப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நான் எடுத்துக்கொண்டேன். கோவிந்தம்மாள் எடுத்துக்கொண்டது ஒரு மாற்றுப் புடவையும் தலைவலித் தைலமும்.

பென்னாகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் மீன் வறுக்கிற வாசனை வந்தது. ஒகேனக்கல் போகிற கூட்டம் அங்கே எப்போதும் உண்டு. கோவிந்தம்மாள் நின்றே விட்டாள்.

“ரெண்டு துண்டு வாங்குங்களேன்.”

“சாமி காரியமா போறோம். கவிச்சி ஆவாது. முடிச்சிட்டு வந்து தின்னலாம்.”

“ஜீப்பு பாக்கப் போறது எப்பங்க சாமி காரியமாச்சு?”

நான் இட்லிக் கடைக்கு நடந்தேன். இட்லி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்க் கடையின் மீன் வாசனையோடு சேர்த்து அதைச் சாப்பிட்டதால் அவள் அதற்கும் மார்க் போடவில்லை.

அடிவாரத்துக்குப் போகிற மினி பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு திருப்பத்தில் என் பை சாய்ந்து, ஒரு தேங்காய் உருண்டு முன்னால் போய்விட்டது. வண்டி ஏறும்போது பின்னால் வருகிறது, இறங்கும்போது முன்னால் போகிறது. பஸ் முழுக்கக் காலைத் தூக்கிக்கொண்டு வழி விட்டார்கள். கடைசியில் வாழைக்கன்று வைத்திருந்த ஒருவர் அதைக் காலால் அமுக்கிப் பிடித்து, “யாருதுங்க இந்தச் சாமி?” என்றார். துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினேன்.

அடிவாரத்தில் தார் ரோடு ஒரு புளியமரத்தோடு முடிகிறது. அதன் நிழலில் ஜீப் நின்றிருந்தது. பச்சையாக இருந்திருக்க வேண்டும், இப்போது மண் நிறம். ஒரு பக்கக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. மாதேஷ் குளித்து விபூதி பூசி, சட்டை மாற்றி நின்றிருந்தான். காலில் செருப்பில்லை. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

“மலைக்கு மரியாதையா வெறுங்காலோட வர்றியாப்பா?”

“இல்லீங்க மாமா. செருப்புப் போட்டா கிளட்ச்சு காலுக்குத் தெரியாது.”

கோவிந்தம்மாள் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். நான் விடாமல் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவன் பொறுமையாக நின்று, நான் சொன்னதும் வண்டியை ஒரு முழம் முன்னால் எடுத்து நசுக்கினான்.

ஜீப்பின் பின்னால் ரேஷன் அரிசி மூட்டை, உரமூட்டை, ஒரு கேஸ் சிலிண்டர். அவற்றுக்கு நடுவில் கால் கட்டிய ரெண்டு கோழிகளோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மேலே மாதேஷ் வீட்டுக்கு அடுத்த வீடு, பேர் கௌரம்மா. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். எங்களைப் பார்த்து நல்ல தமிழில், “வாங்க, வாங்க” என்றவர், மாதேஷிடம் கன்னடத்தில் என்னமோ சொல்லிச் சிரித்தார். எனக்குப் புரியவில்லை. என் மனைவி பிறந்தது அஞ்செட்டிப் பக்கம், கன்னடம் தாய்மொழி மாதிரி. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்தாள். பிறகுதான் எனக்குச் சொன்னாள். “ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு ஏறுகிற மாமியார் கிடைத்திருக்கிறாள் உனக்கு” என்றாராம் அந்த அம்மா.

வண்டி கிளம்பியது. நான் இதுவரை பார்த்த மலை ரோடுகளில் வளைவு இருக்கும், குழி இருக்கும், ரோடும் இருக்கும். இங்கே ரோடு என்று எதுவும் இல்லை. மழைத் தண்ணீர் தனக்காக வெட்டிக்கொண்ட வழியில் ஜீப்பும் போகிறது, அவ்வளவுதான். தண்ணீர் அரித்த பள்ளம் ரெண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்கு ஓடுகிறது. நடுவில் முதுகு மாதிரி ஒரு மேடு. மாதேஷ் சக்கரத்தைப் பள்ளத்தில் விடவே இல்லை. ஒரு பக்கச் சக்கரம் நடுமேட்டிலும், இன்னொரு பக்கம் ஓரத்துப் பாறையிலும் ஏற்றிக் கொண்டுபோனான். விழுந்துவிடும் என்று நான் நினைத்த பக்கமெல்லாம் விழவில்லை. தலை மட்டும் ரெண்டு தடவை மேல் கம்பியில் இடித்தது.

கியருக்குப் பக்கத்தில் இன்னும் ரெண்டு குட்டைக் கம்பிகள் இருந்தன. ஒன்றைப் பிடித்து அவன் இழுத்ததும் வண்டியின் சத்தமே மாறிப்போனது.

“இது என்னப்பா?” என்றாள் கோவிந்தம்மாள்.

“ஃபோர் வீலுங்க அத்தை. இதைப் போட்டா நாலு சக்கரமும் இழுக்கும். இல்லைன்னா பின்னாடி ரெண்டுதான்.”

“அந்த இன்னொண்ணு?”

“அது லோ கியரு. மெதுவாத்தான் போவும். ஆனா மாடு மாதிரி இழுக்கும்.”

அவள் அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அவன் கையையும் காலையும் தவிர வேறு எதையும் பார்க்கவும் இல்லை. நான் வெளியே கும்பிட இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

பாதி மலை வந்ததும் கொஞ்சம் தட்டையான இடம். அங்கே மாதேஷ் நின்று, இறங்கி, முன்னால் நடந்து போய் மேட்டைப் பார்த்துவிட்டு வந்தான். நெட்டுக்குத்தாக இருந்தது அந்த மேடு. சிவப்பு மண், அதில் பாம்பு மாதிரி வளைந்த பள்ளங்கள். மேட்டின் நடுப்பகுதியில், வலது கைப்பக்கம், ஒரு கல்லும் அதைச் சுற்றி ஏழெட்டு இரும்பு வேலும் நட்டிருந்தது. துருப்பிடித்த வேலில் எலுமிச்சம்பழம் காய்ந்து தொங்கியது.

“முனியப்பனா?” என்றேன்.

“ஆமாங்க மாமா.”

எனக்கு அதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்? வீட்டில் கும்பிட்ட தெய்வம் பாதி மலையில் வந்து நிற்கிறது. எங்கள் பக்கம் லாரிக்காரர்கள் மலை ஏறும்போது, வழியில் முனியப்பன் இருந்தால் நிறுத்திச் சூடம் காட்டாமல் தாண்ட மாட்டார்கள். நானும் தேங்காயைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. கல்லுக்கு நேராக வந்தபோது நான் அவன் தோளைத் தட்டினேன்.

“நிறுத்துப்பா, நிறுத்து. சாமி.”

“மாமா, மேல போயிட்டு…”

“சாமியத் தாண்டிப் போறதா? நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம்!”

அவன் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தான். பிரேக்கை மிதித்தான்.

நான் இறங்கித் தேங்காயை உடைத்தேன். சூடம் காற்றில் நிற்கவில்லை, மூன்று தீக்குச்சி ஆனது. மகள் பேரைச் சொல்லிக் கும்பிட்டு, எல்லோருக்கும் விபூதி கொடுத்து, திருப்தியாக வந்து உட்கார்ந்தேன்.

வண்டி நகரவில்லை.

மாதேஷ் கிளட்ச்சை விட்டதும் நாலு சக்கரமும் மண்ணைத் தோண்டின. ரெண்டாவது தடவை இன்னும் ஆழமாகத் தோண்டின. மூன்றாவது தடவை பின்பக்கம் அப்படியே வழுக்கி, இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கி, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அரிசி மூட்டை என் மடியில். ஒரு கோழி கட்டை அவிழ்த்துக்கொண்டு வேலுக்கு நடுவில் போய் நின்று கத்தியது. கோவிந்தம்மாள் மேல் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “முனியப்பா” என்று சொல்லாமல், “மாதேஷு, மாதேஷு” என்று சொன்னாள். அது எனக்கு நன்றாகக் கேட்டது.

கௌரம்மா கீழே குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை முட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு மாதேஷைப் பார்த்துக் கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இப்போது கோவிந்தம்மாள் எனக்கு உடனுக்குடன் சொன்னாள்.

“‘ஏறும்போது யாராவது இங்க நிறுத்துவாங்களாடா? ஒரு ஹாரன் அடிச்சிட்டு ஒரே மூச்சுல மேல போவணும்னு உனக்குத் தெரியாதா? பெரியவரு ஊருக்குப் புதுசு, நீயுமா புதுசு? வாயில என்னா வெச்சிருந்த?’ அப்படிங்குது அந்தம்மா.”

கௌரம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். “அய்யய்யோ, உங்களுக்குக் கன்னடம் வருமா?”

“காலு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு சொன்னதும் வந்துச்சு” என்றாள் என் மனைவி.

ரெண்டு பேரும் அந்தச் சாய்ந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “ஏம்மா, ஏறும்போது கும்பிடாமப் போனா சாமி கோவிச்சுக்க மாட்டாரா?” என்று கேட்டேன்.

“எங்க முனியப்பன் ஏறும்போது எதுவும் கேக்க மாட்டாருங்க” என்றார் கௌரம்மா. “வண்டி நின்னா ஏறாதுன்னு அவருக்கே தெரியும். எறங்கும்போதுதான் கேப்பாரு. அப்ப நிறுத்தாமப் போனாத்தான் தப்பு. எங்க ஊர் வழக்கம் அப்படி.”

அந்த வழக்கம் நான் கேள்விப்படாதது. ஆனால் சொன்ன விதத்தில் மறுக்க ஒன்றும் இல்லை.

கோவிந்தம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு மாதேஷைப் பார்த்தாள்.

“உனக்கு இது தெரியும்தானே?”

“தெரியுங்க அத்தை.”

“அப்புறம் ஏன் நிறுத்தின?”

“மாமா சொன்னாரு. பெரியவரு பேச்சத் தட்டக்கூடாதுன்னு…”

“இன்னிக்கு மாமா சொன்னாருன்னு நிறுத்தின. நாளைக்கு என் பொண்ணு வலியில துடிக்கறப்ப, யாராவது பெரிய மனுஷன் கையக் காட்டினாலும் நிறுத்துவியா? மரியாதையா நடந்துக்கற பையனுங்க ஊருல நெறைய பேரு கிடைப்பாங்க எனக்கு.”

அவன் காது சிவந்தது. அந்தப் பேச்சில் பாதி எனக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தெரியும். சம்பந்தம் அந்த மண்ணிலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முனியப்பனைப் பார்த்தேன். கோழி அவர் தலைமேல் ஏறியிருந்தது.

ஜீப்பில் எப்போதும் ஒரு மண்வெட்டி இருக்குமாம். மாதேஷ் பள்ளத்தின் கரையைச் சரித்தான். நானும் கௌரம்மாவும் கல் பொறுக்கிப் போட்டோம். மூட்டைகளையும் சிலிண்டரையும் இறக்கி, மேட்டுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தோம். மனசு சரியில்லாத நேரத்தில் கல் சுமப்பது நல்லது, வேறு எதையும் நினைக்க விடாது. பிறகு அவன் வண்டியைப் பின்னாலேயே, அங்குலம் அங்குலமாக, தட்டையான இடத்துக்கு இறக்கினான். கோவிந்தம்மாள் அதில் உட்கார்ந்தபடியே இறங்கினாள். மறுபடி ஏறுவதற்கு முன்னால், “அத்தை, நீங்க எறங்கி மேட்டை மட்டும் நடந்து வந்துடுங்க” என்றான்.

“நான் எறங்க மாட்டேன். எறங்கி நடக்க முடியாத நேரத்துக்குத்தானேப்பா இந்த வண்டி? நீ எடு.”

நான் நடந்துபோய் முனியப்பன் பக்கத்தில் நின்றுகொண்டேன். கற்பூரத்தைக் கையில் பிடித்திருந்தேன், ஏற்றவில்லை.

கீழே வண்டி ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு வந்தது. வேகமாக வரவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம், மேட்டைப் பார்த்தால் யாரும் வேகமாக ஏற வேண்டும் என்றுதான் நினைப்பார்கள். அவன் ஒரே சீராக, மூச்சு மாறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பாரம் இழுக்கிற மாடு மாதிரி வந்தான். நாங்கள் கல் போட்ட இடத்தில் முன்சக்கரம் ஏறியதும் இடது பக்கம் அப்படியே மேலே தூக்கிக்கொண்டது. சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது. என் மனைவியின் முகம் கயிறு கட்டிய கதவுக்கு மேலே தெரிந்தது. என்னோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவள் அந்தச் சாய்வில் தொங்குகிறாள்.

“நிறுத்து!” என்று கத்தினேன். “நிறுத்துப்பா! மாதேஷு, நிறுத்து!”

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு ஹாரன் அடித்தான். அது எனக்கு இல்லை, சாமிக்கு. தூக்கிய சக்கரம் தொப்பென்று இறங்கியது, மண் சிதறி என் வெள்ளை வேட்டி முழுக்க அடித்தது, ஜீப் என்னையும் முனியப்பனையும் தாண்டி மேலே போய்விட்டது.

நான் மூச்சு வாங்க ஓடினேன். மேட்டின் தலையில் வண்டி நின்றிருந்தது. கோவிந்தம்மாள் இன்னும் கம்பியை விடவில்லை. மாதேஷ் இறங்கி என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“நான் கத்தினது கேட்டுச்சாப்பா?”

“கேட்டுச்சுங்க மாமா.”

“கேட்டுமா நிறுத்தல?”

“அத்தை வண்டியில இருந்தாங்க” என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அவன் நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்திருந்தது, இன்னொரு தடவை பூசிவிட்டேன். கோவிந்தம்மாள் அவனையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கீழே இருந்த மூட்டைகளுக்காக அவன் மறுபடி இறங்கி ஏறினான். இந்தத் தடவை நான் எதையும் கத்தவில்லை.

கரடிக்கல்லில் பத்துப் பன்னிரண்டு வீடு. ஓட்டு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவரைப் பந்தல். மாதேஷின் அம்மா, என் வேட்டியைப் பார்த்துவிட்டு, “முனியப்பன் மேடா?” என்று மட்டும் கேட்டு வெந்நீர் போட்டார். சாயங்காலம் களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும். எங்கள் வீட்டிலும் களி உண்டு. ஆனால் இவர்கள் கிண்டுகிற களி கையில் ஒட்டவே இல்லை, குழம்பில் முக்கினால் வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்குகிறது. விருந்தாளிக்கென்று சாமை அரிசியில் பாயசம். கோவிந்தம்மாள் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவளிடம் இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“மாதேஷு, நீ ஊர்ல இல்லாத நாள்ல இந்த வண்டிய யாரு ஓட்டுவா?”

மாதேஷ் அம்மாவைப் பார்த்தான். அம்மா கௌரம்மாவைப் பார்த்தார். கௌரம்மா தன் மடியில் இருந்த பேரனைத் தூக்கிக் காட்டினார். தவழுகிற பருவம், நல்ல கொழுகொழுவென்று இருந்தான்.

“இவன் பொறந்த அன்னிக்கு மாதேஷு சேலத்துக்கு வண்டிச் சாமான் வாங்கப் போயிருந்தான். வண்டி இங்கதான் நிக்குது. ஓட்ட ஆளில்ல. மருமவளப் புடவைத் தூளியில போட்டுத் தூக்கிக்கினு எறங்கினோம். முனியப்பன் மேட்டுலயே பொறந்துட்டான். அதான் முனிராஜுன்னு பேரு.”

“பாத்தியா, சாமி கைவிடல” என்றேன் நான், மனைவியிடம்.

“அன்னிக்கு சாமிக்கு வேற வேலையில்ல. எல்லா நாளும் இந்த மேட்டுலயே உக்காந்து பிரசவம் பாப்பாரா?”

இப்படிப் பேசினால் மற்ற நாளில் நான் சண்டைக்குப் போவேன். குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதால் சும்மா இருந்துவிட்டேன். அவள் அதை மடியில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள். இரவு அங்கேயே படுத்தோம். அங்கே ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. எங்கள் ஊரில் லாரிச் சத்தமும் ஆம்புலன்ஸ் சத்தமும் கேட்டே தூங்கிப் பழகியவன் நான். இங்கே அவள் மூச்சு விடுவதே கேட்டது, தூங்கவில்லை என்றும் தெரிந்தது.

மறுநாள் காலையில் பனி விலகின பிறகு தோட்டங்களைச் சுற்றிக் காட்டினார்கள். சுகன்யா கொடுத்தனுப்பிய தக்காளி நாற்று முழங்கால் உயரம் வந்து பூவெடுத்திருந்தது. எங்கள் சாமந்தித் தோட்டத்தைவிட மண் நல்ல மண். கோவிந்தம்மாள் ஒரு செடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நெருக்கமா நட்டிருக்காங்க. சுகன்யா பாத்தா திட்டுவா” என்றாள். எதிர்காலத்தில் சொல்கிறாளே என்று எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம்.

இறங்கும்போது பின்னால் அவரைக்காய் மூட்டைகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மூக்குக் குப்புற விழுகிற மாதிரி வண்டி சாய்கிறது, இவன் பிரேக்கில் கால் வைக்காமல் இருக்கிறான்!

“பிரேக்கு மிதிப்பா” என்று வாய்வரை வந்துவிட்டது. நேற்றைய வேட்டிக் கறையைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கோவிந்தம்மாள் கேட்டுவிட்டாள். ஆனால் உத்தரவு போடுகிற மாதிரி இல்லை, கற்றுக்கொள்கிறவள் கேட்கிற மாதிரி கேட்டாள். “காலு ஏன் தூக்கியே வெச்சிருக்க?”

“மிதிச்சா சக்கரம் நின்னு மண்ணுல சறுக்கும் அத்தை. லோ கியருல விட்டுட்டா எஞ்சினே புடிச்சுக்கும். நாம ஸ்டேரிங்க மட்டும் பாத்தா போதும்.”

“பலம் வேணுமா இதுக்கு?”

“பலம் வேணாங்க. பதறாம இருந்தா போதும்.”

அவள் தலையை ஆட்டினாள்.

முனியப்பன் மேட்டில், கல்லுக்குக் கொஞ்சம் மேலேயே, மலைப்பக்கம் ஒரு மண் திட்டு இருக்கிறது. அதில் வண்டியின் மூக்கை முட்டி நிறுத்தினான் மாதேஷ். ஏறும்போது கண்ணில் படாத இடம் அது. இறங்குகிறவனுக்கு மட்டும் வண்டி நிறுத்த இடம் கொடுத்திருக்கிறார் முனியப்பன். கௌரம்மா சொன்ன வழக்கம் சாமி சொன்னதேதான் என்று அப்போது எனக்கு விளங்கியது. நான் எங்கள் ஊர் வழக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இவர் முன்னால் வைத்திருக்கிறேன். காதைப் பிடித்துக்கொண்டு மூன்று தோப்புக்கரணம் போட்டேன். மினி பஸ்ஸில் உருண்ட தேங்காய் மிச்சமிருந்தது. ரெண்டு மூடியும் சமமாக உடைந்தது. சூடம் ஒரே குச்சியில் பற்றியது.

கோவிந்தம்மாளும் இறங்கிக் கும்பிட்டாள். அவள் வாய் முணுமுணுத்ததைப் பார்த்தேன். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டதற்கு, “வேண்டிக்கல, ஒரு யோசனை சொல்லி வெச்சேன்” என்றாள்.

புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். கட்டளைப்படி, உட்கார்ந்தே ஏறி, உட்கார்ந்தே இறங்கியாகிவிட்டது. மாதேஷ் கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாமி காரியம் முடிஞ்சதா?” என்று என்னைக் கேட்டாள்.

“முடிஞ்சது.”

“அப்ப பென்னாகரத்துல மீனு வாங்கித் தரணும். இப்ப போனைக் குடுங்க.”

அடிவாரத்தில்தான் சிக்னல் வருகிறது. சுகன்யாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் பெண், கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருப்பாள். கோவிந்தம்மாள் நலம் விசாரிக்கவில்லை, களியைச் சொல்லவில்லை, சாய்ந்த வண்டியைச் சொல்லவில்லை.

“ஏண்டி, டூவீலர் ஓட்டறல்ல? ஜீப்பு ஓட்டக் கத்துக்க முடியுமா உன்னால?”

அந்தப் பக்கம் என்ன கேட்டாளோ.

“ஆமா, ஜீப்புதான். மலை ஏறுற ஜீப்பு. பலம் வேணாமாம், பதறாம இருந்தா போதுமாம். அந்த ஊருக்கு ஒரு டிரைவர் பத்தாதுடி. இவன் இல்லாத நாள்ல யாருக்காவது வலி வந்தா வண்டி சும்மா நிக்கக்கூடாது. உனக்குன்னா இவன் ஓட்டுவான், மத்தவங்களுக்குன்னா நீ ஓட்டணும். கத்துக்கறதா இருந்தா சொல்லு, மேற்கொண்டு பேசறேன்.”

போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். வெள்ளைப் பூவுக்கு இப்போதுதான் முழு அர்த்தம் வந்தது.

“யாரு கத்துக் குடுப்பாங்கன்னு கேக்கறா” என்று சொல்லி, கோவிந்தம்மாள் போனை மாதேஷிடம் நீட்டினாள். “நீயே சொல்லு.”

அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பிரசாதம் வாங்குவது மாதிரி ரெண்டு கையாலும் வாங்கினான். காதில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். நாங்கள் ரெண்டு பேரும் பார்க்காத மாதிரி புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு, எங்கள் மாப்பிள்ளை எங்கள் மகளிடம் சொன்ன முதல் வார்த்தை எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

“வர்றப்ப செருப்பக் கழட்டிடுங்க. கிளட்ச்சு காலுக்குத் தெரியணும்.”